சதவீதக் கணக்கு தேர்வுத்தாளுக்கு வந்த கதை

பாஸ்டன் நகரத்தில் 1,20,000 பேர் வசிக்கிறார்கள். அவர்களில் பாதி ஆண்கள். வரிக்கு உட்பட்ட சொத்தின் மொத்த மதிப்பு 10 கோடி டாலர். ஆண்களில் பாதிப் பேர் தலைக்கு மூன்றில் இரண்டு டாலர் தலைவரி கட்டுகிறார்கள். வருமானத்தின் மீதான வரியில் 50,000 டாலர் வருகிறது. நகரம் திரட்டும் மொத்த வரி 7,70,000 டாலர். அப்படியானால் 1,00,000 டாலர் சொத்து உள்ள ஒருவர் எவ்வளவு வரி கட்ட வேண்டும்?

1845ஆம் ஆண்டு கோடையில், பாஸ்டனின் பள்ளிப் பிள்ளைகள் கையில் அச்சடித்துக் கொடுக்கப்பட்ட கணக்குத்தாளில் இருந்த கேள்வி இது. இன்றைய போட்டித் தேர்வு ஒன்றில் ஊர்ப் பெயரையும் நாணயத்தையும் மட்டும் மாற்றி இதைக் கேட்டாலும் யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றாது.

போட்டுப் பார்த்துவிடலாம். ஆண்கள் 60,000 பேர். அதில் பாதி 30,000. தலைக்கு மூன்றில் இரண்டு டாலர் என்றால் 20,000 டாலர். வருமானத்திலிருந்து வருவது 50,000. இரண்டும் சேர்ந்து 70,000. மொத்த வரியில் இதைக் கழித்தால் மீதி 7,00,000 டாலர். அந்த மீதியைத்தான் 10 கோடி டாலர் சொத்து சுமக்க வேண்டும். நூறு டாலர் சொத்துக்கு 70 சென்ட், அதாவது 0.7 சதவீதம். ஒரு லட்சத்துக்கு 700 டாலர்.

இங்கே இடறுகிற இடம் ஒன்றே ஒன்று. அவசரப்படுகிற பிள்ளை 7,70,000ஐ நேராக 10 கோடியால் வகுத்து 770 என்று எழுதிவிடும். பெருக்கலிலோ வகுத்தலிலோ அதற்குத் தவறு வராது. சொத்தின் மீது விழுகிற வரி எது, ஆளின் மீது விழுகிற வரி எது என்று பிரித்துப் பார்க்காததுதான் தவறு. கேள்வி கேட்டவர் சோதித்ததும் அதைத்தான்.

இந்தத் தாள் பிறந்ததற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. ஹோரஸ் மான் 1837 முதல் மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலராக இருந்தவர். ஐரோப்பா போய் பிரஷ்யப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து, அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் விதத்தைத் தம் ஆண்டறிக்கையில் மெச்சி எழுதினார். தங்களைக் குறை சொல்வதாகவே பாஸ்டன் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 31 பேர் கூடி மறுப்பு வெளியிட்டார்கள். மானின் நண்பர் சாமுவேல் கிரிட்லி ஹவ், பார்வையற்றோருக்கான பெர்கின்ஸ் பள்ளியை நடத்தியவர், நகரப் பள்ளிக் குழுவில் இடம்பிடித்தார். அதுவரை ஆண்டுக்கொரு முறை நடந்து வந்தது வாய்மொழித் தேர்வு. ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்காருவார்கள், பிள்ளைகள் எழுந்து நின்று ஒப்பிப்பார்கள், எல்லோருக்கும் திருப்தி. ஹவ்வும் அவருடைய தோழர்களும் அதற்குப் பதிலாக அச்சடித்த கேள்விகளைக் கொண்டுவந்தார்கள். எல்லாப் பள்ளிக்கும் ஒரே கேள்வி, ஒரே கால அளவு, பாடத்துக்கு ஒரு மணி நேரம், விடையை எழுதித்தான் காட்ட வேண்டும். தேர்வு எழுதியவர்கள் அந்தந்தப் பள்ளியின் முதல்தரப் பிள்ளைகள், சுமார் 530 பேர். சராசரி சுமார் 30 சதவீதத்தில் நின்றது. பள்ளிவாரியாகப் பட்டியல் போட்டு அதை அச்சிலும் வெளியிட்டார்கள்.

கேள்விக்குள் இருந்த சதவீதம் பிள்ளையின் பெயருக்கு நேராகவும் பள்ளியின் பெயருக்கு நேராகவும் வந்து உட்கார்ந்தது. அன்று தொடங்கியதிலிருந்து நாம் இன்னும் வெளியே வரவில்லை.

ஆனால் அந்த வகைக் கணக்கு பாஸ்டனில் பிறக்கவில்லை. அங்கே அதற்கு அச்சடித்த தேர்வுத்தாள் கிடைத்தது, அவ்வளவுதான். கணக்கின் வயது அதைவிட மூவாயிரம் ஆண்டுக்கு மேல் அதிகம்.

எகிப்தில் ஆமெஸ் என்ற எழுத்தர் பொ.ஆ.மு. 1550 வாக்கில் படியெடுத்த பாப்பிரஸ் சுருள் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் ஹென்றி ரிண்ட் 1858இல் லக்சரில் வாங்கியது அது. அதில் 65ஆவது கணக்கு: நூறு அப்பங்களைப் பத்துப் பேருக்குப் பிரிக்க வேண்டும், படகோட்டி, மேற்பார்வையாளர், வாயிற்காவலர் மூவருக்கும் மற்றவர்களைப்போல இரண்டு மடங்கு. ஆமெஸ் என்ன செய்கிறார்? பத்துப் பேரோடு மூன்றைக் கூட்டிப் பதின்மூன்று ஆக்குகிறார். நூறைப் பதின்மூன்றால் வகுக்கிறார். ஒரு பங்கு ஏழரையைக் கொஞ்சம் தாண்டி வருகிறது. அந்த மூவருக்கும் அதன் இரட்டிப்பு. இத்தனை அழகான தீர்வு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஆட்களை எண்ணுவதை விட்டுவிட்டுப் பங்குகளை எண்ணத் தொடங்கிய மனம் அதில் தெரிகிறது. இன்று விகிதக் கணக்கில் மொத்தப் பங்கு எத்தனை, ஒரு பங்கின் மதிப்பு எவ்வளவு என்று கேட்கிறோமே, அதே கேள்வி. எழுத்தர்களுக்கு இது பொழுதுபோக்கு அல்ல. கூலியே அப்பமாகவும் பீராகவும் அளக்கப்பட்ட நாடு அது. ஒரு படி தானியத்தில் பத்து அப்பம் சுட்டால் அது கனத்த அப்பம், நாற்பத்தைந்து சுட்டால் மெலிந்த அப்பம். கனத்த அப்பம் நூறு கொடுத்தால் மெலிந்தது எத்தனை வாங்கலாம் என்றும் அதே சுருள் கேட்கிறது. இரண்டையும் தானியத்துக்குக் கொண்டுபோய் விடை சொல்கிறது: 450.

சீனத்திலும் பங்கீடுதான் தொடக்கம். பொ.ஆ. முதல் நூற்றாண்டு வாக்கில் வடிவம் பெற்ற 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற கணித நூலில், ஒரு முழு அத்தியாயம் தானியத்துக்குத் தானியம் மாற்றுகிற விகிதங்களுக்கே. இன்னோர் அத்தியாயத்தில் வெவ்வேறு பதவியில் உள்ள ஐந்து அதிகாரிகள் ஐந்து மான்களை வேட்டையாடிப் பதவிக்குத் தக்கபடி 5, 4, 3, 2, 1 என்ற விகிதத்தில் பிரிக்கிறார்கள். பங்குகள் 15, மான்கள் 5, ஒரு பங்கு மூன்றில் ஒரு மான். தாங் அரசு 656இல் கணிதப் பள்ளி வைத்து, இந்த நூல் உள்ளிட்ட பத்து நூல்களைப் பாடமாக்கி, அதில் தேர்வும் நடத்தியது. ஆக, அரசு வேலைக்கான தேர்வில் விகிதக் கணக்கு வருவது 1,300 ஆண்டுக்கு முன்பே நடந்துவிட்டது.

நம் பக்கத்தில் இந்தக் கணக்குக்கு ஒரு விதியே எழுதி வைத்தார்கள். 499இல் ஆரியபட்டர் அதை ஒரே செய்யுளில் அடக்கினார்: திரைராசிகம், மூன்று ராசிகளின் கணக்கு. தெரிந்த அளவு பிரமாணம். அதற்குக் கிடைப்பது பலம். நமக்கு வேண்டிய அளவு இச்சை. பலத்தை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகுத்தால் விடை. 628இல் பிரம்மகுப்தர் இதோடு ஒரு நிபந்தனையையும் சொன்னார்: முதலில் வைப்பதும் கடைசியில் வைப்பதும் ஒரே இனமாக இருக்க வேண்டும். பணத்துக்குப் பணம், நெல்லுக்கு நெல், நாளுக்கு நாள். என் பார்வையில் பெருக்கி வகுக்கும் சூத்திரத்தைவிட இந்த நிபந்தனைதான் பெரியது. பெருக்கலும் வகுத்தலும் கருவி சொல்லும். எது எதற்கு இணை என்பதை ஆள்தான் சொல்ல வேண்டும்.

1150இல் வந்த, பாஸ்கராச்சாரியரின் லீலாவதியில் ஒரு கணக்கு. நிஷ்கம் அதில் நாணயம், பலம் இங்கே எடை. ஏழில் மூன்று நிஷ்கத்துக்கு இரண்டரைப் பலம் குங்குமப்பூ கிடைத்தால், ஒன்பது நிஷ்கத்துக்கு எவ்வளவு கிடைக்கும்? பின்னத்தைப் பார்த்து மிரளாமல் பணத்துக்குப் பக்கத்தில் பணத்தை வைத்துப் பாருங்கள். ஒன்பது என்பது ஏழில் மூன்றைப்போல எத்தனை மடங்கு? 21 மடங்கு. இரண்டரையை 21 மடங்காக்கினால் 52½ பலம். மனக்கணக்காகவே முடிந்துவிட்டது.

பாஸ்கராச்சாரியர் அதே நூலில் வட்டிக் கணக்கும் கேட்கிறார். நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டி. 16க்கு ஓராண்டில் எவ்வளவு? விடை 9.6. இந்த நூற்றுக்கு என்பதில்தான் சதவீதம் இருக்கிறது. கடன்தான் அதற்குத் தாய்வீடு. அர்த்தசாஸ்திரமே வட்டியை நூறு பணத்துக்கு மாதம் இவ்வளவு என்றுதான் வகுக்கிறது: சாதாரணக் கடனுக்கு ஒன்றேகால், வணிகத்துக்கு ஐந்து, காட்டு வழி போகிறவருக்குப் பத்து, கடலில் போகிறவருக்கு இருபது. ஆபத்து ஏற ஏற நூற்றுக்கான எண் ஏறுகிறது. தமிழ்நாட்டில் இன்றும் 'ரெண்டு வட்டி', 'மூணு வட்டி' என்று பேசுவது இதே கணக்கில்தான். ரெண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். பள்ளிக்கூடம் போகாத பூக்காரம்மாவும் இதைப் பிசகாமல் சொல்வார். அவருக்கு அந்த நூறு எது என்பது தெரியும். அவர் கை நீட்டி வாங்கிய நூறு அது. தேர்வுத்தாளில் பிள்ளைக்கு அது தெரிவதில்லை.

நூறை விட்டுவிட்டு வேறு எண்களை வைத்தும் ஆட்கள் காலம் தள்ளியிருக்கிறார்கள். ரோமில் அகஸ்டஸ், ஏலத்தில் விற்ற பொருளுக்கு நூற்றில் ஒன்றும், வாரிசுச் சொத்துக்கு இருபதில் ஒன்றும் வரி வாங்கினார். தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி படித்த பிள்ளைகளுக்கு இருபதில் ஒன்று ஒரு மா, எண்பதில் ஒன்று ஒரு காணி, முந்நூற்றிருபதில் ஒன்று ஒரு முந்திரி. ஒரு மா என்றால் 5 சதவீதம். மூன்று மா என்றால் 15. காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், அரிசி என்று பொருள்வாரியாகக் கணக்குகளைப் பிரித்தது. மேல்வாரம், குடிவாரம் என்று விளைச்சலைப் பங்கிட்ட சமூகத்தில், பின்னம் தெரியாத கணக்குப்பிள்ளை ஒரு போகம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

மூன்று ராசி விதி கப்பலேறிப் போனது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். அல்பீரூனி 11ஆம் நூற்றாண்டில் இந்திய ராசிகக் கணக்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். அரபு வணிகர்கள் வழியாக அந்த விதி இத்தாலிக்குப் போனது. ஃபிபோனாச்சி 1202இல் தம் நூலில் பக்கம் பக்கமாக அதைக் கையாண்டார். 1478இல் ட்ரெவிசோ நகரில் அச்சான கணக்குப் புத்தகம், மேற்கில் அச்சேறிய முதல் கணக்கு நூல், வணிகர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது. பியரோ 112 டகட், போலோ 200, ஜுவானே 142 முதல் போட்டுக் கூட்டு வியாபாரம் செய்து 563 டகட் லாபம் பார்க்கிறார்கள். யாருக்கு எவ்வளவு என்று அது கேட்கிறது. கணக்கு தெளிவாகப் புரியட்டும் என்றுதான் அந்த ஆசிரியர் மூவருக்கும் பெயர் வைத்தார். இத்தாலியக் கணக்கர்கள் நூற்றுக்கு என்பதைத் திரும்பத் திரும்ப எழுதிச் சுருக்கிச் சுருக்கித்தான் நாம் போடுகிற % குறியும் உருவானது.

தாங் அரசின் தேர்வை விட்டுவிட்டால், இதுவரை சொன்ன கணக்குகளில் ஒன்று பொது. கேட்பவருக்கு விடை தேவைப்பட்டது. அப்பம் பிரிக்க வேண்டும், மான் பிரிக்க வேண்டும், லாபம் பிரிக்க வேண்டும். 1845க்குப் பிறகு நிலைமை மாறியது. விடை கேட்பவருக்கு முன்பே தெரியும். பிள்ளைக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

அதன் பிறகு வேகம் சேர்ந்தது. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உளவியலாளர்கள் படைவீரர்களைச் சோதிக்க ஆல்ஃபா தேர்வை உருவாக்கினார்கள். அதன் இரண்டாம் பகுதி முழுக்க வாக்கியக் கணக்குகள்: 20 கணக்கு, 5 நிமிடம். கணக்குக்கு 15 விநாடி. அந்தக் குழுவில் வேலை செய்த கார்ல் பிரிகாம்தான் பின்னர் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வை வடிவமைத்தார். 1926 ஜூன் 23 அன்று 8,040 பேர் அதை எழுதினார்கள்; 97 நிமிடத்தில் 315 கேள்விகள். 1938இல் ஐ.பி.எம். நிறுவனம் பென்சில் கோட்டில் மின்சாரம் பாய்வதை வைத்து விடைத்தாள் திருத்தும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நான்கில் ஒன்றைக் கறுப்பாக்கும் பழக்கம் உலகமெங்கும் பரவ அது போதுமாக இருந்தது.

நான்கு விடைகளில் ஒன்று சரி. மற்ற மூன்றை யாரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதில்லை. பாஸ்டன் கணக்கை இன்று அப்படிக் கேட்டால் 770 கட்டாயம் ஒரு விடையாக இருக்கும். வரியைப் பிரித்துப் பார்க்காதவருக்கு அவருடைய தவறான விடை அங்கே தயாராகக் காத்திருக்கும். பார்த்ததும் நிம்மதியாகக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். கணக்கே தெரியாதவரைவிட, பாதி தெரிந்தவரைத்தான் இந்த வடிவம் அதிகம் வீழ்த்துகிறது.

நம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, மூன்று மணி நேரம். கேள்விக்கு 54 விநாடி. அதில் 25 கேள்வி திறனறிவுப் பகுதி. பாடத்திட்டத்தில் சதவீதம், விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, நேரமும் வேலையும் எல்லாம் உண்டு. இந்த 54 விநாடிக்குப் பயந்துதான் பயிற்சி மையங்கள் குறுக்குவழிகளைக் குவிக்கின்றன. குறுக்குவழி தவறல்ல. ஆனால் எந்தக் கணக்குக்கு எந்தக் குறுக்குவழி என்று கண்டுபிடிக்கவே அந்த 54 விநாடியும் போய்விடுகிறது. கிராமத்திலிருந்து வந்து, இரவெல்லாம் விழித்துப் படித்து, ஒரே ஒரு கேள்வியில் வேலையைத் தவறவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. அவர்களுக்கு ஆமெஸும் பிரம்மகுப்தரும் சொன்னதைச் சொல்லிக்கொடுத்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

ஒரு பொருளின் விலையை 25 சதவீதம் ஏற்றிவிட்டு 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் லாபம் எவ்வளவு? ஐந்து என்று எழுதத் துடிக்கும் கை. முதல் நூறு பழைய விலை. அது 125 ஆகிறது. இரண்டாவது சதவீதத்துக்கு அந்த 125தான் நூறு. அதில் ஐந்தில் ஒன்று 25. கழித்தால் மறுபடி 100. லாபம் ஒன்றுமில்லை.

இன்னொன்று. இருவரின் வருமானம் 5:4, செலவு 3:2. முதலாமவர் 2,000 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார், இரண்டாமவர் 1,800. வருமானம் என்ன? வருமானத்தில் ஒரு பங்கும் செலவில் ஒரு பங்கும் ஒரே தொகை என்று மனம் சட்டென்று எடுத்துக்கொள்ளும். அங்கேதான் சறுக்கல். வருமானப் பங்கு வேறு இனம், செலவுப் பங்கு வேறு இனம். முதலாமவரிடம் 5 வருமானப் பங்கில் 3 செலவுப் பங்கு போக 2,000. இரண்டாமவரிடம் 4 வருமானப் பங்கில் 2 செலவுப் பங்கு போக 1,800. இதைப் பாதியாக்கினால் 2 வருமானப் பங்கில் ஒரு செலவுப் பங்கு போக 900. இதையே மூன்று மடங்காக்கினால் 6 வருமானப் பங்கில் 3 செலவுப் பங்கு போக 2,700. முதலாமவரின் கணக்கோடு ஒப்பிடுங்கள். வருமானப் பங்கு ஒன்று கூடியதும் தொகை 700 கூடியிருக்கிறது. ஆக ஒரு வருமானப் பங்கு 700 ரூபாய். வருமானம் 3,500, 2,800. செலவுப் பங்கு 500 என்று வரும், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் நடத்தும்போது சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன், நூறு அப்பத்தையும் பத்துப் பேரையும் கொடுத்து, மூவருக்கு இரட்டைப் பங்கு என்று சொல்லி, பிள்ளைகளை ஒரு வகுப்பு முழுக்கத் திணறவிடுங்கள். பதின்மூன்று என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும்வரை காத்திருங்கள்.

தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு: கேள்வியில் சதவீதம் என்ற சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும் அந்த நூறு எது என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சதவீதம் வந்தால் இரண்டு நூறு. பேனாவை அதற்கப்புறம் ஓட்டுங்கள்.